கத்திரி வெயிலிலும் காய்க்கும் மாடித்தோட்டம்: பயனுள்ள குறிப்புகள்

சித்திரை பிறந்துவிட்டால் மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றுகிறேன், அப்படியும் ஏன் செடி வாடுகிறது?" தரையில் வளரும் செடியின் வேர் கீழே குளிர்ந்த மண்ணைத் தேடிப் போய்விடும். பைக்குள் இருக்கும் வேருக்குப் போக இடமில்லை. சுற்றிலும் வெயில் அடிக்க, அடியில் தளம் சுடுகிறது. வேர் சூடேறிவிட்டால், மண்ணில் ஈரம் இருந்தாலும் அதை உறிஞ்ச முடியாமல் போய்விடும். அதனால் கோடையில் உரமும் மருந்தும் புது விதையும் இரண்டாம்பட்சம்தான். வேரைச் சூடு தாக்காமல் காப்பதே முதல் வேலை. சென்னையில் 2003 மே மாதக் கடைசியில் வெப்பம் 45 டிகிரி செல்சியஸைத் தொட்டது. வேலூர், திருத்தணி, மதுரைப் பக்கம் 40 டிகிரியைத் தாண்டுவது ஆண்டுதோறும் நடப்பது. அப்படிப்பட்ட ஊர்களை மனத்தில் வைத்தே இந்தக் குறிப்புகளை எழுதியிருக்கிறேன்.

1. பைகளை வைக்கும் முன் ஒருநாள் முழுக்க மாடியில் நிழல் எங்கெங்கே விழுகிறது என்று பாருங்கள். காய்கறிச் செடிக்கு ஆறு மணி நேர வெயில் போதும். அது காலை வெயிலாக இருந்தால் நல்லது. மாடிப்படி அறை, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றின் கிழக்குப் பக்கம் மிகச் சிறந்த இடம். மதியம் இரண்டு மணிக்கு மேல் அங்கே நிழல் வந்துவிடும். கைப்பிடிச் சுவரை நம்ப வேண்டாம். ஏப்ரல் கடைசி வாரத்தில் சென்னையில் நண்பகலில் நிழலே விழாத நாள் ஒன்று வருகிறது. சூரியன் நேர் உச்சிக்கு வரும் காலத்தில் மூன்றடிச் சுவர் எந்தச் செடியையும் காப்பாற்றாது.

2. பை வாங்கும்போது வெளிப்பக்கம் வெள்ளையாக, உள்பக்கம் கறுப்பாக இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும். ஏற்கெனவே கறுப்புப் பை, பெயின்ட் வாளி, எண்ணெய் டின் என்று வைத்திருந்தால் தூக்கிப்போட வேண்டியதில்லை. வெளிப்பக்கம் வெள்ளை அடித்துவிடுங்கள், அல்லது பழைய கோணிச் சாக்கைச் சுற்றிக் கட்டிக் காலையில் அதை நனைத்துவிடுங்கள். சாக்கில் உள்ள ஈரம் காயும்போது பையின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். டின் மட்டும் மேற்கு வெயிலில் இருக்கவே கூடாது.

3. பை பெரிதாக இருந்தால் சூடு உள்ளே இறங்க நேரமாகும். மழைக்காலத்தில் 12 அங்குலப் பையில் செழித்து வளரும் கத்தரி, கோடையில் 15 அங்குலப் பையில்தான் நிம்மதியாக இருக்கும். வெண்டைக்கும் மிளகாய்க்கும் 12 அங்குலம் போதும். பாகல், புடலை, பீர்க்கு, சுரை போன்ற கொடிகளுக்கு 18 அங்குலப் பையோ, பாதியாக அறுத்த பெரிய டிரம்மோ வேண்டும். கீரைக்கு ஆழம் தேவையில்லை, ஆறு அங்குலம் இருந்தாலே வந்துவிடும். மீன் கடையிலும் பழக்கடையிலும் கழித்துப் போடும் தெர்மாகோல் பெட்டிகளை வாங்கி வந்து அடியில் ஓட்டை போட்டுக் கீரை விதையுங்கள். வெளிச்சூட்டை உள்ளே விடாத அந்தப் பெட்டியைப்போலக் கோடைக்கீரைக்கு ஏற்ற பாத்திரம் வேறு இல்லை என்பது என் கருத்து.

4. எந்தப் பையையும் நேரடியாகத் தளத்தில் வைக்காதீர்கள். அடியில் இரண்டு செங்கல், அல்லது ஒரு மரச்சட்டம். அந்த இடைவெளியில் காற்று ஓடினால் தளத்தின் சூடு வேருக்கு ஏறாது. வடியும் தண்ணீர் தேங்காததால் வீட்டுக் கூரையும் ஊறாது.

5. பைகளைத் தனித்தனியாகப் பரப்பி வைக்காமல் நெருக்கி வையுங்கள். ஒன்றின் நிழல் இன்னொன்றின் மேல் விழ வேண்டும். வெயில் படும் வெளிவரிசையில் வெண்டை, கொத்தவரை போன்ற சூடு தாங்கிகள். உள்வரிசையில் கீரை, கொத்தமல்லி, நாற்றுத் தட்டுகள். நல்ல சூட்டில் கொத்தமல்லி இலை வைக்காமல் பூவுக்குப் போய்விடும். அதற்கு இந்த உள்நிழல் கட்டாயம்.

6. மண் கலவை: செம்மண் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, மண்புழு உரம் அல்லது மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு. பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கு. வெறும் நார்க்கழிவில் செடி வைத்தால் எடை குறையும் என்பது உண்மைதான். ஆனால் கோடையில் ஒருநாள் தண்ணீர் தவறினாலும் அது முழுதாகக் காய்ந்துவிடும். செம்மண் கலந்திருந்தால் அந்த ஒருநாளைத் தாங்கும். தோட்டக்கலைத் துறை மானிய விலையில் கொடுக்கும் மாடித்தோட்டத் தளையில் (கிட்) 6 பைகள், 6 நார்க்கழிவுக் கட்டிகள், 6 வகை விதைகள், உயிர் உரங்கள் எல்லாம் இருக்கும். செம்மண்ணையும் தொழுவுரத்தையும் நாம்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும். நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து, பிழிந்து, பழுப்புத் தண்ணீர் வெளுக்கும் வரை இரண்டு மூன்று முறை அலசுங்கள். அதிலுள்ள உப்பு போகாவிட்டால் நாற்றின் இலை நுனி கருகும்.

7. எடையை மறக்க வேண்டாம். ஈரக் கலவை நிறைந்த 12 அங்குலப் பை 20 கிலோவைத் தாண்டும். 15 அங்குலப் பை 40 கிலோவை எட்டும். ஆள் நடமாடும் மொட்டை மாடிக்கு, சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ என்ற கணக்கில்தான் பொதுவாகக் கட்டட வடிவமைப்பு செய்வார்கள். பெரிய பைகளையும் டிரம்களையும் சுவரும் உத்தரமும் ஓடும் ஓரங்களில் வையுங்கள். தளத்தின் நடுப்பகுதி கீரைப் பெட்டிகளுக்கும் நடப்பதற்கும் இருக்கட்டும். பழைய கட்டடம், ஏற்கெனவே விரிசல் கண்ட தளம் என்றால் பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத் தொடங்குவதே நல்லது.

8. மூடாக்கு போடாத பை கோடையில் பாதிப் பலன்தான் தரும். காய்ந்த சருகு, தென்னை மட்டை நார், கடலைத் தோல், வைக்கோல் எதுவானாலும் இரண்டு அங்குல உயரத்துக்கு மண்ணின் மேல் பரப்புங்கள். கரும்புச் சாறு கடையில் சக்கையைக் கேட்டால் மகிழ்ச்சியோடு கொடுப்பார்கள். இரண்டு நாள் நன்றாகக் காயவைத்து, எறும்பு போன பிறகு போடுங்கள். தண்டை ஒட்டிக் குவிக்காமல் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள், இல்லையென்றால் தண்டு அழுகும். நண்பகலில் மூடாக்கை விலக்கி அடி மண்ணைத் தொட்டுப் பாருங்கள். பக்கத்தில் மூடாக்கு இல்லாத பையையும் தொட்டுப் பாருங்கள். அந்த வித்தியாசத்தை விரலே சொல்லிவிடும்.

9. தண்ணீர் காலை ஏழு மணிக்குள். வெயில் ஏறும் முன் செடி நிறையக் குடித்துவிட வேண்டும். அடி ஓட்டையில் தண்ணீர் கசியும் வரை நின்று நிதானமாக ஊற்றுங்கள். மேலே ஒரு கோப்பை தெளித்துவிட்டுப் போனால் மேல் அங்குலம் மட்டும் நனைந்து, வேர் அந்த ஈரத்தைத் தேடி மேலே வரும். பிறகு வெயிலில் வெந்து போகும். கத்திரி வெயில் காலத்தில், அதாவது மே முதல் வாரம் தொடங்கி மாதக் கடைசி வரை, மாலையில் இன்னொரு முறை அளவாக ஊற்றலாம். மற்ற நாட்களில் மண்ணைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

10. குழாயில் முதலில் வரும் தண்ணீரை நேராகச் செடிக்கு விடாதீர்கள். வெயிலில் கிடந்த ரப்பர் குழாய்க்குள் இருக்கும் தண்ணீர் கை வைக்க முடியாத அளவு சுடும். அதை வாளியில் பிடித்து ஆறவைத்துக்கொள்ளுங்கள்.

11. நண்பகலில் கத்தரியும் சுரையும் இலையைத் தொங்கப்போட்டு நிற்பதைப் பார்த்துப் பதறி, ஒரு வாளி தண்ணீரைக் கவிழ்ப்பவர்கள் அதிகம். இலை வெளியேற்றும் வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியாததால் வரும் வாட்டம் அது. வெயில் தாழ்ந்ததும் தானே நிமிர்ந்துவிடும். காலை ஆறு மணிக்கும் வாடியே நின்றால்தான் கவலைப்பட வேண்டும். அப்போது ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விடுங்கள். உள்ளே உலர்ந்திருந்தால் தண்ணீர் குறைவு. சொதசொதவென்று ஈரமாக இருந்தும் வாடியிருந்தால் வேர் அழுகத் தொடங்கிவிட்டது. அதற்கு மேல் தண்ணீர் ஊற்றுவது செடியைக் கொல்வதற்குச் சமம். வடிகால் ஓட்டை அடைத்திருக்கிறதா என்று ஒரு குச்சியால் குத்திப் பாருங்கள்.

12. ஊற்றிய தண்ணீர் உடனே அடியில் ஓடிவிடுகிறதா? மண் நன்றாக ஈரம் இழுக்கிறது என்று நினைக்காதீர்கள். முழுக்கக் காய்ந்த நார்க்கழிவு தண்ணீரை ஏற்காது. கலவை சுருங்கிப் பையின் ஓரத்தில் இடைவெளி விழுந்திருக்கும், தண்ணீர் அந்த வழியாக இறங்கிப் போயிருக்கும். சிறிய பையென்றால் அகலமான டப்பில் நான்கு அங்குலத் தண்ணீர் வைத்து அரை மணி நேரம் உட்காரவையுங்கள், அடியிலிருந்து ஊறிக்கொள்ளும். பெரிய பையில் ஓர மண்ணைக் கிளறி இடைவெளியை மூடிவிட்டு, பத்து நிமிட இடைவெளியில் மூன்று முறையாகச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள்.

13. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருக்கும் பகுதிகளில் பையின் விளிம்பிலும் மண் மேலும் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். கோடையில் தண்ணீர் ஆவியாகப் போக, உப்பு மட்டும் தங்கிவிடுகிறது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை, கிடைக்கும் நல்ல தண்ணீரைப் பையின் அடியில் தாராளமாக ஓடும் அளவு ஊற்றி அந்த உப்பைக் கழுவி விடுங்கள். ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கும் தண்ணீரைத் தினமும் செடிக்கு ஊற்றும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. உப்பு முழுக்க அந்தத் தண்ணீரில்தான் சேர்கிறது. அதைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். அரிசி, காய்கறி கழுவிய தண்ணீர் தாராளமாக ஊற்றலாம். ஏ.சி. குழாயில் சொட்டும் தண்ணீரில் உப்பு அநேகமாக இல்லை. இரவு முழுக்க ஒரு வாளியில் பிடித்து வைத்தால் நாற்றுகளுக்கு அதுவே போதும்.

14. பெரிய பைகளில் மண்கலயம் புதைக்கும் முறை கோடைக்கு மிகவும் உதவும். கடையில் கிடைக்கும் சிறிய, மெருகு பூசாத சுட்ட மண் கலயத்தை வாங்கிக் கழுத்து மட்டும் வெளியே தெரியும்படி பையின் நடுவில் புதைத்து, சுற்றிலும் செடி நடுங்கள். கலயத்தில் தண்ணீர் நிரப்பினால், சுற்றியுள்ள மண் காயக் காய, கலயச் சுவர் வழியே ஈரம் தானாகக் கசியும். சில வாரம் கழித்துக் கையால் மண்ணை விலக்கினால், வெள்ளை வேர்கள் கலயத்தின் மேல் வலை பின்னியிருப்பதைப் பார்க்கலாம். வாயை ஓட்டுச் சில்லாலோ சிறு மூடியாலோ மூடியே வையுங்கள். திறந்து கிடந்தால் டெங்குக் கொசு முட்டையிடும்.

15. நிழல்வலை வாங்கினால் 50 சதவீத வலை போதும். 75 சதவீத வலைக்குக் கீழே கத்தரியும் வெண்டையும் நெடுநெடுவென்று வளருமே தவிரக் காய்க்காது. வலையை ஏழெட்டு அடி உயரத்தில் கட்டுங்கள். தலையைத் தொடும் உயரத்தில் கட்டினால் சூடு உள்ளேயே தங்கும். பக்கங்களைத் திறந்து விடுங்கள், மேற்குப் பக்கம் மட்டும் இறக்கிக் கட்டலாம். கோடை மழைக்கு முன்னால் அடிக்கும் சுழற்காற்றில் வலை பறந்து போகாதபடி கம்பியால் முடுக்கிக் கட்டுவது முக்கியம். வலை வாங்க வசதியில்லையா, பழைய பருத்திப் புடவையைக் காலை பதினோரு மணி முதல் மாலை நான்கு வரை கட்டி வைத்தாலே பெரிய உதவி. ஆடி மேகம் வந்ததும் எதுவானாலும் அவிழ்த்துவிடுங்கள்.

16. கோடையில் எதை வளர்ப்பது? வெண்டை, கொத்தவரை, காராமணி, கத்தரி, மிளகாய், பாகல், பீர்க்கு, புடலை. கீரையில் தண்டுக்கீரை, முளைக்கீரை, அரைக்கீரை, கொடிப்பசலை, பொன்னாங்கண்ணி. இவை வெயிலை விரும்பும் பயிர்கள். முள்ளங்கி, கேரட், பீன்ஸ், காலிஃபிளவர் விதைப் பொட்டலங்களைப் புரட்டாசி வரை பத்திரமாக எடுத்து வையுங்கள். கொத்தவரையைப் புதிதாகத் தோட்டம் தொடங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வேன். சிக்கனமாகத் தண்ணீர் குடிக்கும், பூச்சி அதிகம் அண்டாது, வேரில் தழைச்சத்தையும் சேர்த்து வைக்கும்.

17. தக்காளி எல்லோருக்கும் ஆசை. ஆனால் பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் குளிராமல் போனால் தக்காளிப் பூவின் மகரந்தம் வீரியம் இழந்துவிடும். பூக்காம்பின் நடுவில் ஒரு கணு இருக்கும். பிஞ்சு பிடிக்காத பூவில் அந்தக் கணு மஞ்சளாகி, லேசாகத் தொட்டாலே அங்கேயே ஒடிந்து பூ கையோடு வந்துவிடும். இதற்கு மருந்தும் இல்லை, டானிக்கும் தேவையில்லை. கடைக்காரர் எது கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஏற்கெனவே பிடித்த காய் சிவக்காமல் ஆரஞ்சு நிறத்திலேயே நிற்பதும் சூட்டினால்தான். 30 டிகிரிக்கு மேல் சிவப்பு நிறமி உருவாவது தடைபடும். நிறம் மாறத் தொடங்கியதும் பறித்துச் சமையலறையில் பழுக்க வையுங்கள். செடியை நிழலில் உயிரோடு வைத்திருந்தால் வெப்பம் தணிந்த பிறகு மறுபடி காய்க்கும். புதிதாக விதைப்பவர்கள் ஆவணி, புரட்டாசியில் விதையுங்கள். மார்கழிக் குளிரில் அது கொட்டிக் கொடுக்கும்.

18. நாட்டு அவரையையும் சிறகவரையையும் சித்திரையில் விதைத்துவிட்டு, கொடி மாடி முழுக்கப் படர்ந்தும் ஒரு பூகூட இல்லையே என்று வருந்துவோர் உண்டு. பகல் குறுகினால்தான் இவை பூக்கும். எத்தனை உரம் போட்டாலும் அந்தக் காலம் வரும் வரை இலைதான். ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்ன பெரியவர்களின் கணக்கை இந்தக் கொடிகளில் நேராகவே பார்க்கலாம்.

19. கொடிக் காய்களில் முதலில் வருவதெல்லாம் ஆண் பூக்கள். நீண்ட பகலும் கடும் சூடும் இருந்தால் ஆண் பூ இன்னும் அதிகமாக வரும், பொறுத்திருங்கள். பெண் பூவின் அடியில் குட்டிப் பிஞ்சு இருக்கும், ஆண் பூவுக்கு வெறும் காம்புதான். உயரமான மாடிக்குத் தேனீ குறைவாகத்தான் வரும். ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்து, நடுவிலுள்ள மகரந்தத்தைப் பெண் பூவின் சூலக முடியில் மெல்லத் தடவிவிடுங்கள். எப்போது செய்வது என்பது காய்க்குக் காய் மாறும். பாகலும் பூசணியும் விடியற்காலையில் மலரும். பீர்க்கும் சுரையும் புடலையும் மாலையில்தான் மலரும். காலையில் போய்ப் பீர்க்கம்பூவைத் தடவிப் பயனில்லை. கத்தரிக்கும் மிளகாய்க்கும் பூத்த கிளையைக் காலையில் லேசாக ஆட்டிவிட்டால் போதும்.

20. கடும் வெயிலில் உரத்தைக் குறையுங்கள். சூட்டில் தவிக்கும் செடிக்கு உரம் இன்னொரு சுமை. காய்ந்த மண்ணில் எந்த உரமும் போடாதீர்கள். முதலில் தண்ணீர், மறுநாள் உரம். பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்யம் கலந்து மாலையில் தெளிக்கலாம். மாதம் ஒருமுறை மூடாக்கை விலக்கி இரண்டு கைப்பிடி மண்புழு உரம் போட்டு மறுபடி மூடினால் அதுவே நிறைய.

21. தக்காளியின் அடிப்பக்கம் கறுத்துத் தோல்போல ஆனால் சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று முட்டை ஓட்டைப் பொடித்துப் போடச் சொல்வார்கள். ஓடு மக்கிச் சத்தாக மாற மாதக்கணக்கில் ஆகும். பெரும்பாலும் மண்ணில் சத்து இருக்கும். ஒருநாள் வெள்ளம், மறுநாள் வறட்சி என்று தண்ணீர் ஏறி இறங்குவதால் அது காய்க்குப் போய்ச் சேராமல் போகிறது. மூடாக்கும் நேரம் தவறாத தண்ணீரும்தான் அதற்கு வைத்தியம்.

22. சூடும் வறட்சியும் சேர்ந்தால் சிலந்திப்பேன் வரும். இலையில் ஊசி குத்தியதுபோல வெளிர்ப் புள்ளிகள், அடியில் மெல்லிய நூலாம்படை. சந்தேகமாக இருந்தால் ஒரு வெள்ளைத் தாளை இலைக்குக் கீழே பிடித்து இலையைத் தட்டுங்கள். விழுந்த துகள்கள் நகர்ந்தால் அதுதான். காலையில் இலையின் அடிப்பக்கத்தில் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சுவதை மூன்று நான்கு நாள் தொடர்ந்து செய்யுங்கள். பாதி தொல்லை அதிலேயே போய்விடும். மாவுப்பூச்சிக்கும் வெள்ளை ஈக்கும் லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல். மாலையில் மட்டுமே தெளிக்க வேண்டும், எண்ணெய் பட்ட இலை வெயிலில் கருகிவிடும். வெண்டை இலையின் நரம்பெல்லாம் மஞ்சளானால் அது வெள்ளை ஈ பரப்பும் தேமல் நோய். அந்தச் செடியைத் தயங்காமல் பிடுங்கி அப்புறப்படுத்துங்கள், மற்றவை பிழைக்கும்.

23. நாற்று நடுவது மாலை ஐந்துக்கு மேல். நட்ட நான்கு நாள் பனை ஓலையோ அட்டைப் பெட்டியோ வைத்து மதிய வெயிலை மறையுங்கள்.

24. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிறீர்களா? பைகளை எல்லாம் நிழலான மூலைக்கு நகர்த்தி நெருக்கி வைத்து, முற்றிய காய், பிஞ்சு, பூ அனைத்தையும் பறித்துவிடுங்கள். செடியின் தண்ணீர்த் தேவை குறையும். மூடாக்கை இரட்டிப்பாக்குங்கள். சிறிய பைகளுக்குப் பருத்திக் கயிற்றின் ஒரு முனையை மண்ணுக்குள் நான்கு அங்குலம் செருகி, மறுமுனையைச் சற்று உயரத்தில் வைத்த, மூடிய தண்ணீர் வாளிக்குள் விட்டால் மூன்று நாள் தாங்கும். கயிற்றை முதலில் நன்றாக நனைத்துக்கொள்வது அவசியம். அதற்கு மேல் ஊரில் தங்குவதென்றால் பக்கத்து வீட்டில் சாவி கொடுத்து, அந்த வாரம் காய்ப்பதை எல்லாம் அவர்களே பறித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போங்கள்.

25. இதே வெயிலைப் பயன்படுத்திக்கொள்ளும் வேலையும் ஒன்று உண்டு. காய்ப்பு முடிந்த பைகளின் பழைய மண்ணைத் தளத்தின் ஓரத்தில் நான்கு அங்குல உயரத்துக்குப் பரப்பி, ஈரமாக்கி, நிறமில்லாத பாலித்தீன் தாளால் காற்றுப் புகாமல் மூடி, ஓரங்களில் செங்கல் வையுங்கள். நான்கு முதல் ஆறு வாரச் சூட்டில் வேர் அழுகல் பூஞ்சைகளும் நூற்புழுக்களும் களை விதைகளும் பெரும்பகுதி அழியும். நல்ல நுண்ணுயிர்களும் குறைந்திருக்கும் என்பதால், பிறகு மூன்றில் ஒரு பங்கு புது மண்புழு உரமும் டிரைகோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையும் கொஞ்சம் கலந்து, ஈரம் காயாமல் ஒரு வாரம் நிழலில் வைத்துப் பையில் நிரப்புங்கள். வைகாசி தொடக்கத்தில் மூடினால் ஆடிக்குள் மண் தயாராகிவிடும். ஆடிப்பட்டத்துக்கு எடுத்து வைத்த அவரை விதையை அதில் ஊன்றலாம்.